பிளாட்பாரத்திலிருந்து ஓடைக்கரை தெரியும்

ஐயா,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ ஹாஸ்டலில் இருந்தபோது. எல்லாம் போஸ்ட் கார்டு. ‘நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா விசாரித்தாள்’ என்று மூன்று வரி எழுதி, மிச்ச இடத்தை வெறுமனே விட்டு அனுப்பிவிடுவேன். அப்புறம் போன் வந்தது. போனில் நாம் இரண்டு பேரும் மழை பெய்ததா பெய்யவில்லையா என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் பேசியதில்லை. எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. பாதியில் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் மகேஸ்வரி எனக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அதற்காக அவளிடம் கோபப்படாதே. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நடந்ததைச் சொன்னாள். “மாமா, இவிய பிள்ளையத் தொடவே மாட்டேங்காவ. ஆட்டோ வந்து நிக்கி, நான் பையையும் எடுத்துக்கிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கிட்டுத் தடுமாறுதேன். தூக்குங்கன்னா, நான் தொட்டா நேரமாயிரும், நீயே தூக்குன்னு பின்னால பின்னால போறாவ. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே வரல. ரெண்டு நாளும் வெளியில வேப்பமரத்தடியில நின்னாவ. சாதாரணக் காய்ச்சல்தான் மாமா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு கேட்டா, என்னால ஒருத்தி போயிட்டா, போதும்ங்காவ. அவிய தங்கச்சி எப்படி மாமா செத்தாவ?” என்று கேட்டாள். நான் ‘காய்ச்சல்’ என்றேன். அப்புறம், சிக்னல் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீ ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு ஐந்தரைக்கே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாய். மாப்பிள்ளைக்கு அவ்வளவு அவசரமா என்று மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்பாய். “ரயிலையே நீதான் ஓட்டப் போறியால?” என்று நான் கேலி பேசுவேன். நீ சிரிக்க மாட்டாய். உன் அம்மாவும் சிரிக்க மாட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டே கேலி பேசினேன் பார், அதற்கு என்னை எந்தச் செருப்பால் அடித்தாலும் தகும்.

மகேஸ்வரி பேசிய மறுநாள் நம் பழைய ஊருக்குப் போனேன். நாம் கோவில்பட்டிக்குக் குடிவந்த பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கடம்பூரில் இறங்கிப் பழக்கதோஷத்தில் போளிக் கடை முன்னால் நின்றேன். யாருக்கு வாங்குவது என்று தோன்றியது. ஒன்றும் வாங்காமல் மினி பஸ் ஏறிவிட்டேன். பழைய ரயில்வே கேட் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். கார்த்திகை மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஊருக்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது ஸ்டேஷன்.

ஸ்டேஷன் என்று சொல்கிறேனே தவிர அது ஒரு ஹால்ட்தான் என்பது உனக்குத் தெரியும். ஒரே அறை, ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு பிளாட்பாரம். இப்போது ஜன்னல் கம்பியை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கூரை இல்லை. அறைக்குள் வேலிக்கருவை தலைக்குமேல் வளர்ந்து நிற்கிறது. நான் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்த இடத்தில் ஆட்டுப்புழுக்கை. ஊர்ப்பெயர்ப் பலகை போய், அதைத் தாங்கிய இரண்டு சிமெண்டுத் தூண் மட்டும் நிற்கிறது. இரட்டைப் பாதை போட்டபோது புதுத் தண்டவாளத்தை எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் நம் பிளாட்பாரம் பிழைத்துக் கிடக்கிறது. வண்டியின் கடைசியில் வரும் கார்டு பெட்டி நிற்கும் தென்கோடியில் ஓரக்கல்கூட ஆடவில்லை. அந்தக் கோடியில் நிற்கத்தான் நான் போனேன். அங்கே நின்றால் ஊரிலிருந்து வரும் ஓடைக்கரைப் பாதை தெரியக்கூடாது என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனேன்.

ஏன் அப்படி வேண்டினேன் என்பதைச் சொல்ல, பழசையெல்லாம் சொல்லியாக வேண்டும். நீ அப்போது சின்னப்பிள்ளை. உனக்குத் தெரிந்தது பாதி, மிச்சப் பாதியை நான் மாற்றிவைத்தேன்.

நான் ரயில்வே ஆள் இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற ஏஜெண்ட். வண்டியை நிறுத்தவோ அனுப்பவோ எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நம் ஊர்க் கரிசல் மழை பெய்துவிட்டால் என்ன பாடுபடுத்தும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். செருப்போடு ஓர் எட்டு வைத்தால் அடுத்த எட்டில் காலில் ஒரு படி மண் ஏறி நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் தத்தித் தத்தி வருவார்கள். காலை பாசஞ்சர் ஒரு நிமிஷம்தான் நிற்கும். அப்போது நான் கார்டு பெட்டிப் பக்கமாக நின்று கையை உயர்த்திக் காட்டினால், ஆள் வருகிறது என்று அர்த்தம். கார்டு விசில் ஊதாமல் பொறுப்பார். கையை இறக்கினால் ஊதிவிடுவார். சட்டத்தில் இல்லாத இந்தக் கைக்கு ஊருக்குள் அப்படி ஒரு மரியாதை. நீகூட உன் கூட்டாளிகளிடம், “எங்கப்பா கையக் காட்டுனாத்தான் ரயிலே நிக்கும்” என்று பீற்றிக்கொள்வாய். எனக்கும் அந்தக் கிறுக்கு தலைக்கு ஏறியிருந்தது. ஜன்னலில் டிக்கெட் கொடுத்த நேரத்தைவிட வெளியே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் என் சித்தப்பா மகன் பிந்தி வந்தான். நான் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாலு நிமிஷம் ஆகிவிட்டது. கார்டு, “இது என்ன ஒம் வீட்டு வண்டியாவே? கம்ப்ளெயிண்ட் போனா எனக்குத்தானே கெடுதல்” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். வண்டி போன பிறகு, இருக்கன்குடி கோயிலுக்குப் போக அடுத்த வண்டியை எதிர்பார்த்து நின்ற ஒருத்தர், “சொந்தக்காரன்னா நாலு நிமிசம் நிக்கி. முந்தாநாள் எம் பொண்டாட்டி வரும்போது பறந்துட்டுல்லா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. “இனிமே எவன் வந்தாலும் கையக் காட்ட மாட்டேன். எம் பொண்டாட்டி பிள்ள வந்தாலும் காட்ட மாட்டேன்” என்று கத்தினேன். அந்த ஆள் விடவில்லை. “வாயால சொன்னாப் போதுமா? சூடத்த அணைங்க பாப்போம்” என்று கோயிலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த சூடத்தை எடுத்துப் பிளாட்பாரக் கல்லில் கொளுத்தினார். நான் உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பெரிய மனிதனாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உன் தங்கச்சி கனிக்குக் காய்ச்சல். முந்தின நாளே உடம்பு சுட்டது. அன்று கண் செருகியது. “எனக்கு என்னமோ சரியாப் படல. கோவில்பட்டிக்குக் கொண்டுபோயிருவோம்” என்றாள் உன் அம்மா. “கசாயத்தக் குடு, சாயங்காலம் பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். மூன்று வயதுப் பிள்ளை. போகும்போது நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் போன பிறகு, என் பேச்சை மீறி, உன் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முந்தின ராத்திரி நல்ல மழை. வழியில் உன் செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது. நீ குனிந்து இழுத்தாய். நீங்கள் வந்து சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. உன் அம்மா நிற்கவே இல்லை. அப்படியே திரும்பி மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். பஸ் பிடித்துக் கோவில்பட்டி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியிலேயே கனிக்கு ஜன்னி கண்டுவிட்டது. “காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே” என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் மூன்று பேரும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். வீடு நிறைய ஆட்கள். “ஒமக்கு அவிய வாரது தெரியலையா?” என்று யாரோ கேட்டார்கள். “கம்பம்பயிரு ஆளு ஒசரத்துக்கு நிக்கி. கார்டுப் பெட்டிக்கிட்ட நின்னா பாதை எங்கன தெரியும்?” என்றேன். அப்போது நீயாக முன்னால் வந்து, “என் செருப்பு மாட்டிக்கிட்டுப்பா” என்றாய். ஏழு வயது. நீ குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை, நடந்ததைத்தான் சொன்னாய். நான் எழுந்து உன் கன்னத்தில் அறைந்தேன். “ஒன்னாலதாம்ல போனா” என்றேன். கூடியிருந்த ஐம்பது பேரும் கேட்டார்கள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணெல்லாம் உன் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஐயா, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போட வேண்டும் போல் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

முப்பத்தோரு வருஷம் கம்பு மறைத்தது, கம்பு மறைத்தது என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது நடந்தது போலப் படிந்துவிட்டது. ஒரு சமயம் பார்த்தேன் என்று நினைப்பேன், ஒரு சமயம் இல்லையே, கம்பங்கதிர் ஆடியதுதானே கண்ணில் நிற்கிறது என்று நினைப்பேன். வயதான பிறகு இந்தக் குழப்பம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. அதனால்தான் அதே கார்த்திகையில், அதே இடத்தில் போய் நின்று பார்க்கப் போனேன். இப்போது அந்தப் பக்கம் கம்பு யாரும் போடுவதில்லை, எல்லாம் மக்காச்சோளம். அது கம்பைவிட உயரம். பிளாட்பாரத்தின் தென்கோடியில் நின்று ஊர்ப்பக்கம் திரும்பினேன்.

தெரிந்தது. பச்சைக்கு மேலே ஓடைக்கரை கோடு கிழித்தது போல் தெரிந்தது. கரைமேல் ஒரு பெண் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தலைச்சுமை, முகம், சேலையின் நிறம், வீசுகிற கை, எல்லாம் தெரிந்தது. அவள் வந்து சேரும்வரை ஓர் ஐந்து நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கிட்டே வந்ததும் அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“எந்த ஊரு அண்ணாச்சி? எடத்த அளக்க வந்தீயளா?”

“இல்லம்மா. முன்ன இங்கன டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்படியா? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வரும்போதே இது மூடித்தான் கெடந்துச்சு. இங்கன ஆரும் நிக்க மாட்டாவளேன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

“நான் நிக்கது ஒனக்கு எங்கன வச்சுத் தெரிஞ்சுதும்மா?”

“ஓடையில இருக்க தாம்போதிப் பாலம் தாண்டுனதுமே தெரிஞ்சுது. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கீய. எங்க ஊரு ஆளு இல்லன்னு மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.”

“மக்காச்சோளம் மறைக்கலையா?”

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தாள். “கர ஒசரமால்லா இருக்கு அண்ணாச்சி. எந்த வெள்ளாம மறைக்கும்?” என்று சொல்லிவிட்டு, புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓர் எக்ஸ்பிரஸ் போனது. அதன் காற்றில் சட்டை படபடத்தது. ஐயா, நான் பார்த்தேன். அன்றைக்கு நான் உங்களைப் பார்த்தேன். நீ செருப்பை இழுத்ததைப் பார்த்தேன். வராத செருப்பை அங்கேயே விட்டுவிட்டு நீ ஒற்றைச் செருப்போடு ஓடிவந்ததையும் பார்த்தேன். உன் அம்மாவுக்கு முன்னால் நீதான் ஓடிவந்தாய். நான் எப்படிக் கையைக் காட்டுவேனோ அதே மாதிரி உன் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே ஓடிவந்தாய். கார்டு என் முகத்தைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். சூடம் கொளுத்திய ஆள் அன்று வரவில்லை, ஆனால் சிரித்தவர்களில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். இப்போது கையைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் ஊரே பேசும், பொண்டாட்டி வந்ததும் சத்தியத்தை விழுங்கிவிட்டான் என்று. நான் வேண்டாம் என்று சொல்லியும் கிளம்பி வந்துவிட்டாளே என்று உன் அம்மா மேல் ஆத்திரம் வேறு. சாமிக்குப் பயந்தேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். சாமியை நான் நினைக்கவே இல்லை. நான் பயந்தது அந்த இரண்டு மூன்று பேரின் சிரிப்புக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கார்டு விசில் ஊதிவிட்டார். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் நீங்கள் ஏறியிருப்பீர்கள். கோவில்பட்டிக்கு அரை மணி நேரம்.

அந்தப் பெண் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கையில்தான் உறைத்தது. பிளாட்பாரத்திலிருந்து கரை தெரிந்தால், கரையிலிருந்து பிளாட்பாரமும் தெரியும். கையைக் காட்டாமல் நின்ற என்னை உன் அம்மா பார்த்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததையும் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் அந்தப் பிளாட்பாரத்தில் கால் வைத்ததில்லை. கோவில்பட்டிக்கு எது வாங்கப் போனாலும் மூன்று மைல் நடந்து மெயின் ரோட்டில் பஸ் ஏறுவாள். “வண்டி இருக்குல்லா?” என்பேன். “எனக்கு பஸ்ஸே போதும்” என்பாள். பிள்ளை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நான் உன்னை அறைந்த அன்று அவள்தான் உன்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “நீ ஓடித்தானய்யா வந்த, நீ ஓடித்தான வந்த” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அது உனக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்தேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கட்டிலோடு கிடந்தபோது, உயிர் போவதற்கு நாலு நாள் முன்னால், “அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க” என்றாள். “எதை?” என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுப் பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு, அதை உன்னிடம் சொல்லியும் விட்டேன். இருபத்தொன்பது வருஷம் எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள். ஏன் செய்தாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. ஏன் உன்னிடமும் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தங்கச்சியைத்தான் இழந்தாய், அப்பனையும் இழக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அந்தக் கணக்கு தப்பிவிட்டது. இப்படிப்பட்ட அப்பன் உனக்கு இல்லாமலே போயிருக்கலாம்.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் கெட்டுப்போனவனுக்குத்தான் எந்த இடத்தில் கெட்டோம் என்று தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். கோபத்தில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அதே நாலு பேர் முன்னால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்று சிரித்திருந்தால் அத்தனை பேரும் மறுவாரம் மறந்திருப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலையை நீயும் உன் அம்மாவும்தான் கட்டினீர்கள். நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், எழுபத்திரண்டு வயதுவரை சர்க்கரைகூட இல்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் போன் செய்தேன். சொல்லிவிடுவது என்றுதான் செய்தேன். நீ எடுத்தாய். “என்னப்பா, அங்க மழையா?” என்றாய். பின்னால் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். “பிள்ள அழுதே” என்றேன். “மகேஸ்வரி குளிக்கா. இப்ப வந்துருவா” என்றாய். “நீ தூக்கேம்ல” என்றேன். பாப்பா அழுத அழுகையில், நடுநடுவே ‘ப்பா, ப்பா’ என்று உன்னைத்தான் கூப்பிட்டாள். உன் மூச்சு எனக்குக் கேட்டது. நீ அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாய். நான் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “இங்க நேத்து நல்ல மழை” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது நீ கொடுத்தாலும் எனக்குப் பிடிக்காது. முப்பத்தோரு வருஷம் ஒருவன் நெஞ்சில் ஏற்றிவைத்ததை நாலு தாள் காகிதத்தால் இறக்கிவிட முடியும் என்கிற நம்பிக்கையும் எனக்கு இல்லை. நீ இனி இந்த வீட்டுக்கு வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்திருப்பதாக மகேஸ்வரி சொன்னாள். கேன்சல் செய்துவிடு. நான் செத்தால் கொள்ளி வைக்கவும் வர வேண்டாம், பக்கத்து வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கடிதத்தை மகேஸ்வரியிடம் கொடு. அவள் கேட்டதற்கு நான் அன்று சொல்லாத பதில் இதில் இருக்கிறது.

உன் தங்கச்சியைக் கொன்றது நான். நீ அவளைக் காப்பாற்ற ஓடிவந்தவன். வேறு எதையும் நீ நம்ப வேண்டாம், இதை மட்டும் நம்பு. பாப்பா இப்போது எந்த அறையில் இருக்கிறாளோ, அங்கே போ. போய் அவளைத் தூக்கிக்கொள்.

அப்பா